எலக்ட்ரானும் ஒரு கிரிக்கெட் பந்தும்!



லேசர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிசிக்ஸ் லேபில் சுவர்மேல் விழும் அந்தச் சிவப்புப் புள்ளிதான். அந்த மாதிரி லேசர் ஒளிக்குள் ஓர் எலக்ட்ரானை விட்டு, அதை ஓர் அணுவோடு மோதவிட்டால் என்ன ஆகும்? "இதெல்லாம் ஐ.ஐ.டி.காரங்க சமாச்சாரம், டிப்ளமோகாரனுக்கு எதுக்குப்பா?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதற்குத் தேவையெல்லாம் நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த வெக்டார் முக்கோணமும் காஸ் தீட்டாவும்தான்!

தளவிளைவு என்றால்?

ஒளி ஒரு மின்காந்த அலை. அலை முன்னே போகும். அதன் மின்புலமோ குறுக்கே ஆடும். பல்பு வெளிச்சத்தில் இந்த ஆட்டம் எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். லேசரில் இதை ஒரே கோட்டில் ஆட வைக்கலாம். அதுதான் நேர்கோட்டுத் தளவிளைவு, அதாவது போலரைசேஷன். ஆடும் திசையே சுற்றிச் சுற்றி வந்தால் அது வட்டத் தளவிளைவு.

மட்டையும் பந்தும்

தனி எலக்ட்ரான் லேசருக்குள் நுழைந்தால் மின்புலத்தோடு சேர்ந்து ஆடும். வெளியே வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏன்? ஆற்றல் கணக்கும் உந்தக் கணக்கும் ஒன்றாகச் சரிக்கட்ட மூன்றாவது ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அணு.

ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மரம் ஓடுகிறதல்லவா? அதுபோல, ஆடும் எலக்ட்ரான்மேல் உட்கார்ந்து பார்த்தால் அணுதான் ஆடுவதாகத் தெரியும். அணு மட்டை, எலக்ட்ரான் பந்து என்று வைத்துக்கொள்வோம். மட்டை எதிரே வந்து அடித்தால் பந்து பறக்கும். மட்டையைப் பின்னுக்கு இழுத்து வாங்கினால் பந்து செத்து விழும். வழவழப்பான மட்டையைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தினால்? பந்தின் வேகம் மாறவே மாறாது!

எந்தத் திசை முக்கியம்?

மோதலுக்கு முன் இருந்த உந்தம் முக்கோணத்தின் ஒரு பக்கம், பின் இருக்கும் உந்தம் இன்னொரு பக்கம். முக்கோணத்தை மூடும் மூன்றாவது பக்கம்தான் உந்த மாற்றம். மின்புலம் ஆடும் கோட்டுக்கும் இந்த மூன்றாவது பக்கத்துக்கும் உள்ள கோணத்தின் காஸ் மதிப்புதான் ஆற்றல் பரிமாற்றத்தைத் தீர்மானிக்கிறது. வேலை என்பது விசை, தூரம், காஸ் தீட்டா மூன்றின் பெருக்கல் என்று படித்தோமே, அதே சங்கதி!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலக்ட்ரான் 10 டிகிரி மட்டும் திரும்பினால், உந்த மாற்றம் அது வந்த பாதைக்கு 85 டிகிரியில் இருக்கும். மின்புலம் வந்த பாதையோடு ஆடினால் காஸ் 85, அதாவது வெறும் 0.087. மின்புலம் உந்த மாற்றத்தின் திசையிலேயே ஆடினால் முழுசாக 1. எலக்ட்ரான் மோதி வந்த வழியே திரும்பினால் கதை தலைகீழ். அப்போது பாதையோடு ஆடுவதே பலன் தரும்.

சோதனை என்ன சொன்னது?

1973-ல் க்ரோல், வாட்சன் என்ற இருவர் இதற்குச் சூத்திரம் தந்தார்கள். 1976-ல் ஜெர்மனியிலும், 1977-ல் கனடாவில் வைங்கார்ட்ஸ்ஹோஃபர் குழுவினரும் ஆர்கான் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு லேசரை வைத்துப் பார்த்தார்கள். இந்த லேசரின் ஒரு போட்டானுக்கு 0.117 எலக்ட்ரான் வோல்ட். எனவே 10 வோல்ட்டோடு போன எலக்ட்ரான் 10.117, 10.234 என்று ஏறியோ, 9.883, 9.766 என்று இறங்கியோ வரலாம். படிக்கட்டு மாதிரி! நடுவில் நிற்க இடமில்லை.

ஆனால் 1990-களில் கனடாவில் வால்பேங்க், ஹோம்ஸ் இருவரும் சிறிய கோணங்களில் அளந்தபோது, கிட்டத்தட்ட செங்குத்தான நிலையிலும், சூத்திரம் சொன்னதைவிடப் பல மடங்கு பரிமாற்றம் தெரிந்தது. சூத்திரமே ஒரு தோராயம்தான். காஸ் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் அது வலுவிழக்கிறது. பெரியவர்கள் எழுதியதையும் அளந்து பார்க்கணும் என்பதுதான் இதில் நமக்குப் பாடம்.

நமக்கு என்ன லாபம்?

அதே கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் தொழிற்சாலையில் இரும்புத் தகடு வெட்டுகிறது. அங்கே நடப்பது வேறு வகை. ஒளியை உலோகப் பரப்பு உறிஞ்சும் விதம். ஆனால் அங்கேயும் மின்புலம் ஒரே கோட்டில் ஆடினால் ஒரு திசையில் வெட்டு நன்றாகவும் இன்னொரு திசையில் மோசமாகவும் வரும். அதனால்தான் கண்ணாடி வைத்து ஒளியை வட்டத் தளவிளைவாக மாற்றுகிறார்கள். நாளைக்கு அந்த மெஷின் பக்கத்தில் நிற்கப்போவது நாம்தானே? பட்டனை மட்டும் அமுக்குகிறவனுக்கும், காரணம் தெரிந்து அமுக்குகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "இது நமக்கு எட்டாது" என்று சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள். காஸ் தீட்டா யாருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை, நண்பர்களே! பரீட்சை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.