வேலியும் வீதியும்

மேற்கே ஏலமலையும் கிழக்கே மேகமலையும் அரணாக நிற்க, இடையே முல்லையாறு பாய்ந்து வளஞ்செய்யும் நிலப்பரப்பே கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். இப்பள்ளத்தாக்கு, மதுரை மாவட்டத்திலிருந்து 1996ஆம் ஆண்டில் பிரிக்கப்பெற்ற தேனி மாவட்டத்தைச் சார்ந்தது. தேனி அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என்னும் ஆறு நகராட்சிகளும், பல பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இம்மாவட்டத்தில் உள்ளன.

தோட்டத்திற்கு முள்வேலியும் வீட்டிற்குச் சுற்றுச்சுவரும் காவலாகும். ஆடு மாடுகள் புகாமல் தடுப்பதும், தன் எல்லை எதுவெனக் காட்டுவதும் வேலியின் பயன்கள். தன் நிலத்தில் வேலியிட எவருக்கும் உரிமை உண்டு. எனினும் அவ்வுரிமை எல்லைக்கல்லோடு முடிவுறும். நிலத்தை அளந்து கல் நடும் முறையை 1923ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைச் சட்டம் வகுத்துள்ளது. வேலியிடுமுன் புலப்படத்தைப் பார்த்து எல்லையை அறிந்துகொள்வோர்க்குப் பின்னர் வழக்கும் பகையும் நேரா.

எல்லைக்கு அப்பால் உள்ள வீதி எல்லார்க்கும் பொது. நகராட்சிகளை நூறாண்டுகளுக்கு மேல் ஆண்டது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். வீதியில் சுவரோ வேலியோ எழுப்பலாகாது என்றும், உரிமமின்றி வாயிற்கதவு வீதிப்புறமாகத் திறத்தலாகாது என்றும் அது விதித்தது. வீதியின் மேல் சாய்ந்த மரக்கிளைகளையும் வேலிச்செடிகளையும் வெட்டிவிடுமாறு வீட்டுக்காரருக்கு அறிவிப்பு அளிக்கவும் அது இடந்தந்தது. 2023 முதல், 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது. சிற்றூர்களில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் பொதுச்சாலையில் சுவரும் வேலியும் எழுப்புதலைத் தடுக்கின்றது.

இவ்விதிகள் ஏன் வேண்டும்? பன்னிரண்டடி அகலமுள்ள தெரு ஒன்றில் இருபுறத்தாரும் ஒன்றரை அடி முன்னே வந்து சுவர் எழுப்பினால், எஞ்சுவது ஒன்பதடியே. ஒவ்வொருவர் கொண்டதும் சிறிதே. ஊர் இழந்ததோ பெரிது. தீப்பற்றிய வீட்டை அணுகத் தீயணைப்பு வண்டிக்கு வழியிராது. நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தியும் தெருமுனையிலேயே நின்றுவிடும். படிக்கட்டு வடிகாலை மூடினால், மலைமழை பெய்யுங்காலத்தில் நீர் தேங்கும், கொசு பெருகும், நோய் பரவும்.

வீட்டின் முன்னுள்ள வெளியும் வீணன்று. வீதி அகன்றதாயின் வீட்டின் முன் விடும் வெளியும் அகன்றிருத்தல் வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளின் நெறி. அவ்வெளியாற் காற்றும் ஒளியும் வீட்டினுள் வரும். மழைநீர் மண்ணுள் இறங்கும். 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது.

புறம்போக்கு நிலத்தைக் கவர்ந்தோரை வெளியேற்ற 1905ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அச்சட்டமும் முன்னறிவிப்புத் தந்து, அவர்தம் விடையைக் கேட்ட பின்னரே அகற்றச் சொல்கின்றது. ஏழையின் ஓலைப்படலுக்கும் செல்வரின் கல்மதிலுக்கும் விதி ஒன்றே. அதனை ஒருதலையாக நடத்தினால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகும்.

ஆதலின், வேலியிடுவோர் தம் நிலத்தின் காவலை நினைத்தல் போலவே, அதன் மறுபுறம் நடந்து செல்வாரையும் நினைத்தல் வேண்டும். அதுவே நல்ல குடிமக்களின் கடமையாகும்.