இஞ்சின் மாற்றிய பின்னும் கரைச்சலா?

வாகனம் பழுதானால் அது ஆண்களின் விடயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால், அதைத் திருத்தும் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நமது கழுத்திலிருந்தும் கையிலிருந்தும்தான். நகை அடகுக்குப் போகிறது. சீட்டுப் பணம் கரைகிறது. அந்தப் பணத்துக்கு என்ன நடக்கிறது என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டாமா சகோதரிகளே?

2020 மார்ச்சில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் அனுமதி கிடைத்தாலும், சாதாரண குடும்பங்களால் அந்த விலையை நெருங்க முடியவில்லை. ஆகவே, பழைய வாகனத்துக்கு ஜப்பானிலிருந்து வரும் பாவித்த இஞ்சினைப் பூட்டி ஓடுவது வழமையாகிவிட்டது.

எங்கள் வானுக்கும் அப்படித்தான் செய்தோம். கிண்ணியாவில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும், இரவில் யாருக்காவது சுகமில்லை என்றால் பாலம் கடந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்த வான்தான். புதிதாகப் பூட்டி இரண்டு வாரத்தில், சூடு காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. பூட்டிய கராஜில் கேட்டால், "இஞ்சின் சரியில்லை, வேறொன்று போடுங்கள்" என்றார்கள். விற்றவரிடம் கேட்டால், "பூட்டியவரிடம் கேளுங்கள்" என்றார். இதற்கிடையில் உத்தரவாத நாட்களும் கழிந்துகொண்டிருந்தன.

நான் ஒரு கொப்பி எடுத்தேன். முள் ஏறும் நேரம், அதுவரை ஓடிய தூரம், அப்போது எவை இயங்கின, தண்ணீர் குறைந்ததா என்று என் கணவரிடம் கேட்டு ஒரு வாரம் எழுதினேன். பகலில் ஒருநாளும் ஏறவில்லை. மஃரிபுக்குப் பின் விளக்குப் போட்டதும் ஏறியது. தண்ணீரோ ஒரு சொட்டும் குறையவில்லை. வேறொரு எலக்ட்ரீஷியன் அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு நேரே ஏர்த் வயரைத்தான் தேடினார். இஞ்சினையும் வாகன உடலையும் இணைக்கும் அந்த வயர், துருவின் மேல் பூட்டப்பட்டிருந்தது. துருவைச் சுரண்டிப் புது வயர் போட்டதும் முள் தன் இடத்தில் நின்றது. இஞ்சினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

கழற்றிய இடத்தைப் பாருங்கள்

இஞ்சினை இறக்கும்போது வயர்கள், ஹோஸ்கள், டீசல் குழாய்கள், மவுண்டுகள் எல்லாமே கழற்றப்படுகின்றன. பிறகு வரும் கோளாறுகளில் பல, இவற்றைத் திரும்பப் பூட்டுவதில்தான் உண்டாகின்றன. இன்னோர் இஞ்சினுக்குப் பணம் தேடுமுன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* ஸ்டார்ட் செய்யும்போது மெதுவாகச் சுற்றுகிறதா, விளக்கு மங்குகிறதா? பெற்றரி முனைகளையும் ஏர்த் வயரையும் பாருங்கள். நம்மைப் போல் கடற்காற்று வீசும் ஊரில் துரு விரைவில் பிடிக்கும்.
* உண்மையாகவே சூடாகிறதா? தண்ணீர் நிரப்பும்போது உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம். காற்றை வெளியேற்றி, மறுநாள் காலை குளிர்ந்த பின் அளவு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.
* டீசல் வாகனம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.
* நிற்கும்போது வாகனம் முழுவதும் நடுங்குகிறதா? மவுண்ட் தேய்ந்தோ சரியாக இறுகாமலோ இருக்கலாம்.
* வெண்புகை நிற்காமல் வந்து தண்ணீரும் குறைகிறதா? ஹெட் கஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஓயில் எரிகிறது. இவை இரண்டும் இஞ்சினின் கோளாறாக இருக்கலாம். உத்தரவாதம் முடியுமுன் விற்றவரிடம் செல்லுங்கள்.
* ஓயில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். "வீடு வரை போய்விடலாம்" என்று ஓடினால் இஞ்சினே போய்விடும்.

பூட்டுமுன் செய்ய வேண்டியவை

பாவித்த இஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால் அதையும், தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், ஓயில் சீல்கள் ஆகியவற்றையும் வெளியில் இருக்கும்போதே பார்த்து மாற்றிவிடுவது இலாபம். பூட்டிய பின் அதே வேலைக்குக் கூலி இரட்டிப்பாகும். உத்தரவாதம் எத்தனை நாள், அது இஞ்சினுக்கு மட்டுமா, பூட்டும் கூலிக்கும் சேர்த்தா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பத்திரத்தை மறக்காதீர்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழில் இஞ்சின் இலக்கம் உள்ளது. இஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்து அதைத் திருத்த வேண்டும். இல்லாவிட்டால் வாகனத்தை விற்கும்போதும், விபத்தின் பின் காப்புறுதி கேட்கும்போதும் சிக்கல் வரும். ஆகவே, இஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டை நகைச் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஸ்பானர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பார்த்ததை எழுதவும், எழுதியதைக் காட்டிக் கேள்வி கேட்கவும் நம்மால் முடியும். அடகில் இருக்கும் நகை வீடு திரும்புவதற்கு அதுவே முதல் வழி.