ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய கார்... சூட்டால் பெயர் கெட்ட கதை!

1971-ல் வெளியான 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஷான் கானரி ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டி வருவார், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் பிரிட்டனின் ட்ரையம்ப் ஸ்டாக். 1970-ல் அறிமுகமான இந்த கார், 3 லிட்டர் வி8 இன்ஜின் கொண்டது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிச்செலோட்டி. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூல வடிவமும் அவர் கைவண்ணம்தான்.

பார்க்க அழகு, கேட்க இனிமை. ஆனால், 1977-ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 25,877 கார்கள்தான் வெளியே வந்திருந்தன. ஸ்டாக் என்றாலே 'சூடாகி நின்றுவிடும்' என்ற பேச்சு அதற்குள் பரவியிருந்தது.

அப்படி என்னதான் பிரச்னை?

வாட்டர் பம்ப் இருந்த இடம்தான் முதல் சிக்கல். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, இன்ஜினின் மேல்பகுதியில் அதைப் பொருத்தியிருந்தார்கள். கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும் பம்ப்புக்குத் தண்ணீர் எட்டாது, காற்றைத்தான் சுற்றும்.

அடுத்தது உலோகம். இன்ஜின் பிளாக் இரும்பு, மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றினால், அலுமினியம் அரித்து, அந்தக் கசடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். தொழிற்சாலையில் வார்ப்புக்குப் பயன்படுத்திய மணல்கூட சில இன்ஜின்களுக்குள் தங்கியிருந்தது. சூடு எல்லை மீறும்போது அலுமினிய ஹெட் வளையும். ஹெட் கேஸ்கெட் போகும். அதன்பிறகு ஆகும் செலவு, ஓனரின் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

முள்ளை மட்டும் நம்பாதீர்கள்!

டெம்பரேச்சர் சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் இறங்கி, சென்சாரைச் சுற்றிக் காற்று மட்டும் இருந்தால், இன்ஜின் கொதிக்கும்போதும் டேஷ்போர்டு முள் சாதாரணமாக நிற்கலாம். ஏறிய முள் திடீரென இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். ஓரம்கட்டி இன்ஜினை அணையுங்கள்.

எங்கே தேடுவது?

உங்கள் வீட்டில் பழைய கார் இருந்தால், செலவு குறைந்த இடத்திலிருந்து தேடுங்கள்.

* காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது. ஹோஸ், கிளாம்ப், பம்ப் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

* ரேடியேட்டர் மூடி சும்மா இல்லை. உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை உயர்த்துவது அதன் வேலை. 1 பார் அழுத்தம் கூடினால், 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

* டிராஃபிக்கில் மட்டும் சூடானால் ஃபேன் மீது சந்தேகப்படுங்கள். ஹைவேயில் வேகமாகப் போகும்போது சூடானால், ரேடியேட்டர் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

* கிளம்பிய சில நிமிடங்களிலேயே சூடு ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

* கூலன்ட்டில் தொடர்ந்து குமிழி, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம், இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை... இவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சூடான இன்ஜினின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். அவசரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. ஹெட்டில் விரிசல் விழலாம். ஆறும்வரை காத்திருங்கள்.

இன்றும் ஓடுகிறது!

ஸ்டாக்கை ஓனர்கள் கைவிடவில்லை. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட்டை உரிய காலத்தில் மாற்றி, சிலர் கூடுதல் டேங்க்கும் மின்சார ஃபேனும் பொருத்தி, பிரிட்டன் சாலைகளில் இன்றும் ஓட்டுகிறார்கள். பராமரித்தால் அதே இன்ஜின் ஒழுங்காகவே ஓடுகிறது.

எனவே, நாளை காலை சாவியைத் திருகும் முன் பானெட்டைத் திறந்து கூலன்ட்டைப் பாருங்கள். ஒரே நிமிட வேலைதான்!