விழுந்தவன் எழ நேரமாகும்

எங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு படம் பார்ப்போம். போன மாதம் பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. 2021 ஜூலையில், கொரோனா காலத்தில், திரையரங்குக்கு வராமல் நேராக ஓ.டி.டி.யில் வந்த படம். அதனால் நம் பிள்ளைகள் பலர் கைபேசியில் துண்டு துண்டாகத்தான் பார்த்திருந்தார்கள். அன்று முழுதாகப் பார்த்து முடித்ததும் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: "முதல் பாதி சூப்பர் அண்ணே. ரெண்டாவது பாதி ஒரே இழுவை."

படம் வந்த நாளிலிருந்தே பலரும் சொல்லும் குறைதான் இது. படமும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். டான்சிங் ரோஸோடு கபிலன் மோதும் அந்த வேகத்தைப் பார்த்த கண், பிறகு வரும் நிதானத்தைப் பொறுப்பதில்லை.

ஆனால் கபிலன் யார்? எழுபதுகளின் வடசென்னையில் துறைமுகத்தில் கூலி வேலை செய்பவன். அப்பா குத்துச்சண்டை வீரர். பிறகு அடியாளாகி, வெட்டுப்பட்டுச் செத்தவர். அந்தப் பயத்தில் தாய் பாக்கியம் மகனை மேடைப் பக்கமே அண்டவிடவில்லை. அதையும் மீறி மேடையேறி, வேம்புலியை வீழ்த்தப் போகும் நேரத்தில், தணிகையின் ஆட்கள் புகுந்து ஊர் பார்க்க அவன் ஆடையை உருவுகிறார்கள்.

இது நமக்குப் புதிதா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாக் கபடியில் நம் பையன்கள் கோப்பையை நெருங்கியபோது விளக்கை அணைத்து ஆட்டத்தைக் கலைத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த அணி களத்தில் இறங்கவே இல்லை. அதில் நன்றாகப் பாடிப் போகும் பையன் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அவமானம் ஒரு பாட்டில் தீர்ந்துவிடாது. கபிலன் சாராயத்தில் விழுகிறான், வயிறு தள்ளுகிறது, கை பழக்கத்தை மறக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட, நெருக்கடி நிலையில் ரங்கன் வாத்தியாரும் சிறைக்குப் போகிறார். கைதூக்கிவிட ஆசானும் இல்லை. இழுவை என்று நாம் சொல்லும் இந்தப் பகுதியில்தான் மனிதர்கள் துலங்குகிறார்கள். மாரியம்மா மூலையில் உட்கார்ந்து அழுபவள் அல்ல. தன் வாழ்க்கைக்கும் சேர்த்து அவனிடம் கணக்குக் கேட்கிறாள். மேடையே வேண்டாம் என்ற பாக்கியமே மகனை மீண்டும் மேடைக்கு அனுப்புகிறாள். மீன்பிடித்துப் பிழைக்கும் பீடி ராயப்பன் கடலையே பயிற்சிக் களமாக்குகிறார். கடைசியில் நீல அங்கியோடு கபிலன் வரும்போது நமக்குச் சிலிர்க்கிறதென்றால், அந்த நிதானம் கொடுத்த சிலிர்ப்புதான் அது.

பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் தவறினாலே "அவ்வளவுதான் உன் படிப்பு" என்று நம் பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுகிறோம். வசதி உள்ளவன் வீட்டில் இரண்டாவது வாய்ப்பு கேட்காமலே வருகிறது. நம் தெருவில் அதை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் நாங்கள் வாதாடவில்லை. சூளைக்குப் போன பையனைப் பற்றி மட்டும் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப கூப்பிட்டா அவரு ஆட வருவாரா அண்ணே?" என்றார்.

வரும் ஞாயிறு எல்லோருமாகச் சூளைக்குப் போய்க் கேட்கப் போகிறோம்.