நெடுவழி ஓட்டம் – 6: வயிற்றுக்கும் வேண்டும் பயிற்சி

தென்னாப்பிரிக்காவில் 1921-ல் தொடங்கிய காம்ரேட்ஸ் ஓட்டம் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கிறது. ஏறத்தாழ 88 கிலோமீட்டரை 12 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். இப்படியொரு பகல் முழுக்க நீளும் ஓட்டத்துக்கு முதன்முறை தயாராகும் பலரும் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். மாரத்தானை நிதானமாக முடிக்கும் அளவுக்குக் கால்கள் தேறிவிட்டால், அதற்குமேல் முடிவைத் தீர்மானிப்பது வயிறுதான் என்பது என் கருத்து. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகிறது. 88 கிலோமீட்டருக்கு 5,000-க்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் இருப்பில் உள்ள மாவுச்சத்து தருவதோ சுமார் 2,000 கலோரி. உடம்பில்தான் கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வரும், மேட்டில் ஏறும்போது அது மட்டும் போதாது. எனவே ஓடிக்கொண்டே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து சாப்பிட வேண்டும். ஓட்டத்தின்போது ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் போய்விடுவதால், பழகாத வயிறு உணவைக் கண்டாலே குமட்டும். நல்லவேளையாகக் குடலும் பழகக்கூடியது. சில வாரங்கள் ஓடும்போதே சாப்பிட்டுவந்தால் அது தேறிவிடுகிறது. காம்ரேட்ஸ் வழியில் தரப்படும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் நம் வீடுகளில் இல்லாதவையா என்ன? வார இறுதி ஓட்டங்களில் அவற்றையே சாப்பிட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில்தான் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைகள் ஆபத்தாகின்றன. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்த மட்டும் குடி என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 7 மணி நேரத்துக்கும் நீண்ட போட்டிகளில் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, ரத்தத்தில் சோடியம் குறைந்துபோன நால்வரைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் அவர் குழுவினரும் 1985-ல் எழுதினார்கள். சோடியம் மிகவும் இறங்கினால் மூளை வீங்கும். வலிப்பும் மரணமும்கூட நேரலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமும் 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களிடமும் இது அதிகம் காணப்பட்டது. முதன்முறை ஓடுபவர் பெரும்பாலும் மெதுவாக ஓடுபவர்தானே? குடிக்க அவருக்கு அவகாசமும் அதிகம், வியர்வையும் குறைவு. வெயிலில் நீர் வற்றிப் போகாதா என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் நிதானமாக ஓடும் ஆரோக்கியமான உடலுக்குத் தாகம் நல்ல வழிகாட்டி. 2015-ல் இதற்கெனக் கூடிய நிபுணர்களும் தாகத்துக்கேற்பக் குடிப்பதையே பரிந்துரைத்தார்கள். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்பதும் தவறு. மிகையாகப் போகும் தண்ணீரை அது ஈடுகட்டாது. இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வழியில் விழுங்குவதையும் நான் கடுமையாக எதிர்ப்பேன், அவை சிறுநீரகத்துக்குச் சுமை.

88 கிலோமீட்டரை ஒருமுறையாவது ஓடிப் பார்க்காமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: அந்த ஓட்டம் தரும் தேய்மானம் ஆற வாரக்கணக்கில் ஆகும், அத்தனை நாள் பயிற்சியும் போகும். அதைவிட 5 மணி நேர ஓட்டம் ஒன்று, மேடுகளில் நடந்து, இறக்கங்களில் தொடைகளைப் பழக்கி, போட்டியில் சாப்பிடப்போவதையே சாப்பிட்டு ஓடினால் பலன் கூடுதல். 12 மணி நேர வரம்புக்கு மணிக்குச் சராசரி ஏழரை கிலோமீட்டருக்குக் குறைவாகவே போதும். மேட்டில் நடந்து சாப்பிட அதில் இடம் இருக்கிறது.