ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வளர்ந்த பிறகு...



சென்ற ஆண்டு ஷஃபான் மாதம். நோன்புக்கு முன் உதவி மனுக்களைச் சரிபார்க்கும் நாட்கள். டிரஸ்ட் அலுவலகத்தில் நல்ல கூட்டம். ஒரு தாய் தம் மகனுடன் வந்து அமர்ந்தார். மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பி.காம் முடித்தவர். நான் ஸலாம் சொன்னேன். பதில் இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படித்த பிள்ளை. ஸலாமுக்குப் பதில் சொல்லக்கூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய், படிக்கட்டில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாய் கோபப்படவில்லை. "அவனுக்கு ஆட்டிசம், பாய். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப்போச்சு" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு, மனுவில் இருந்த எண்ணிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "வ அலைக்கும் ஸலாம். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. டியூப் லைட் சத்தம் அதிகமாக இருந்ததால் பதில் வரவில்லை." மறுநாள் கூட்டம் இல்லாத நேரத்தில் தனியாக உட்கார்ந்து கவனித்தேன். எங்கள் அலுவலக டியூப் லைட்டின் சோக் உண்மையிலேயே ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அதன் கீழ் உட்கார்ந்திருக்கிறேன், என் காதில் விழுந்ததே இல்லை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தத் தம்பியிடமும் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடு. இது தொற்று நோயும் அல்ல, பைத்தியமும் அல்ல. வளர்ப்புக் குறையால் வருவதும் அல்ல. மரபணுக்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அப்படியென்றால் நம் ஊரிலும், நம் மஹல்லாவிலும் இவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை ஆட்டிசம் உள்ள பெரியவராக வளர்கிறது. இதை நாம் மறந்துவிடுகிறோம். குழந்தைக்குப் பயிற்சி மையம் தேடுகிறோம், நாற்பது வயதுக்காரரைப் பற்றிக் கேட்பாரில்லை.

தமிழில் இதை மதியிறுக்கம் என்றும், புறவுலகச் சிந்தனையின்மை என்றும் எழுதுகிறார்கள். பின்னதைக் கேட்டு அந்தத் தம்பி சிரித்துவிட்டார். புறவுலகம் தெரியாததல்ல தன் பிரச்சினை, அது அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுவதுதான் பிரச்சினை என்று எழுதினார்.

1943-இல் அமெரிக்க மருத்துவர் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இது விரிவாகப் பதிவானது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பழி முழுவதும் தாய்மார்கள் மேல் விழுந்தது. தாய் பாசம் காட்டாததால் பிள்ளை இப்படி ஆனது என்று புருனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் எழுதினார்கள். அது பின்னர் தவறென்று ஒதுக்கப்பட்டது. 1998-இல் ஓர் ஆங்கில மருத்துவ இதழில் வந்த கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்து ஒரு பீதியைக் கிளப்பியது. 2010-இல் அந்த இதழே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, "நீ கர்ப்பமா இருக்கும்போது அழுதுகிட்டே இருந்தே, அதான்" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்களும், ஊசி போட வேண்டாம் என்று தடுப்பவர்களும் தயவுசெய்து இதை ஒரு முறை படிக்கவும்.

அவர்களே சொல்லும் அன்றாடம்

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வருகிறார்கள். ஒருவரைப் போல் மற்றவர் இல்லை. ஆனாலும் சில செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, புலன்கள். கல்யாண மண்டபத்தில் மைக், ஃபேன், பாத்திரச் சத்தம், நூறு பேர் பேச்சு எல்லாம் இருந்தாலும் நம் மூளை பக்கத்தில் பேசுபவரின் குரலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்கிறது. அவர்களில் பலருக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில் வந்து மோதுகிறது. சட்டைக் காலரில் தைத்திருக்கும் லேபிள் முள்ளாகக் குத்துகிறது. இதற்கு நேர்மாறாகவும் உண்டு: பசியோ, காய்ச்சலோ உடம்பில் இருப்பதே தெரியாமல் சிலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, பேச்சு. "ரெண்டு நிமிஷத்தில் வர்றேன்" என்றால் இரண்டு நிமிடம் என்றே எடுத்துக்கொள்வார்கள். "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்று நாம் தட்டிக்கழிப்பதற்காகச் சொன்னாலும், மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவர்மேல் குற்றமா, நினைத்ததைச் சொல்லாத நம்மேல் குற்றமா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பார்வை. கண்ணோடு கண் பார்ப்பது பலருக்குத் தாங்க முடியாத சுமை. பார்த்தால் கேட்க முடியாது, கேட்க வேண்டுமானால் பார்வையை விலக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். நாம் அதைத் திமிர் என்றும், பொய் சொல்கிறான் என்றும் எடுத்துக்கொள்கிறோம்.

நான்காவது, கை உதறுதல், முன்னும் பின்னும் ஆடுதல், ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லுதல். இவை மனத்தை அமைதிப்படுத்த உடம்பு தானாகத் தேடிக்கொள்ளும் வழிகள். தனக்கோ பிறருக்கோ அடிபடாதவரை இவற்றைத் தடுக்க வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதிய நாட்களில் நாங்கள் எல்லோருமே ஆடிக்கொண்டேதான் மனப்பாடம் செய்தோம். ஆடாமல் உட்கார் என்றால் பாடம் வராது. அப்போது எங்களை யாரும் மருத்துவரிடம் கூட்டிப் போகவில்லை.

ஐந்தாவது, நிலைகுலைவு. சத்தம், வெளிச்சம், திடீர் மாற்றம், கேள்விமேல் கேள்வி எல்லாம் சேர்ந்து தாங்கும் எல்லையைத் தாண்டும்போது சிலர் கத்தி அழுவார்கள். சிலருக்குப் பேச்சே நின்றுபோகும். இது அடமோ கோபமோ அல்ல. அந்த நேரத்தில் அறிவுரையும் அதட்டலும் உதவாது. வெளிச்சத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். அன்று அலுவலகப் படிக்கட்டில் நடந்தது இதுதான்.

முகமூடியும் களைப்பும்

இவற்றை எல்லாம் மறைத்துக்கொண்டு மற்றவர்களைப் போல் நடிப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் முகமூடி அணிதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரிடம் என்ன பேசுவது என்று முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிப்பது, கண்ணைப் பார்க்காமல் புருவத்தைப் பார்ப்பது. இப்படியே நாள் முழுவதும் நடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிக்கவும் தெம்பு இருக்காது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், அதுவரை செய்து வந்த வேலைகளைக்கூடச் செய்ய முடியாமல் முடங்கிப்போகிறார்கள். மனச்சோர்வும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் இவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெண்கள் இப்படி மறைத்துக்கொள்வது அதிகம். அடக்கமான பெண், கூச்ச சுபாவம் என்று நாமும் பெயர் வைத்துவிடுகிறோம். தம் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லும்போது, அந்த அறிகுறிகளில் தம் சிறுவயதையே கண்டு, நாற்பது வயதில் தம்மைப் புரிந்துகொண்ட தாய்மார்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

தன்னை ஏற்றுக்கொள்ளுதல்

1993-இல் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்த மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்பவர் ஓர் உரை ஆற்றினார். அவர் ஆட்டிசம் உள்ளவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வரவில்லை என்று வருந்துகிறீர்கள், அந்த வருத்தம் உங்களுடையது, ஆனால் வந்திருக்கும் பிள்ளை இறந்துவிடவில்லை, உங்கள் எதிரில் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதே அவர் பேச்சின் சாரம். அவரும் நண்பர்களும் நடத்திய கூடுகைகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சட்டையில் ஓர் அட்டை குத்திக்கொள்வார்கள். சிவப்பு என்றால் என்னிடம் பேச வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம், பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம். வாய் திறக்காமலே விஷயம் முடிந்துவிடும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த டேமியன் மில்டன், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்று நாம் சொல்கிறோம். நமக்கும்தான் அவர்களைப் புரியவில்லை. குறை இரு பக்கமும் இருக்க, ஒரு பக்கத்துக்கு மட்டும் நோய் என்று பெயர் வைப்பது நியாயமா என்பதே அவர் கேள்வி.

இதை வைத்து, சிகிச்சையே வேண்டாம், எல்லோரும் மேதைகள் என்று எண்ணிவிடக் கூடாது. சினிமாவில் காட்டுவதுபோல் கணக்கில் புலியாக இருப்பவர்கள் மிகச் சிலர். வலிப்பு நோய் உள்ளவர்கள், பேச்சே வராதவர்கள், வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை தேவைப்படுபவர்கள் பலர் உண்டு. வலிப்புக்கும் தூக்கமின்மைக்கும் மன உளைச்சலுக்கும் மருத்துவம் தேவை. பேச வராதவருக்குப் படம் காட்டியோ, எழுத்துப் பலகை மூலமோ சொல்லவரும் வழி தேவை. ஆனால் ஆட்டிசத்தையே நீக்கிவிடும் மருந்து எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

எங்களிடம் வந்த மனுவே அதற்காகத்தான். முழுமையாகக் குணப்படுத்துவதாக யாரோ சொன்ன ஒரு சிகிச்சைக்கு அந்தத் தாய் 40,000 ரூபாய் கேட்டிருந்தார். மனுவைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கம் மகனின் கையெழுத்தில் வேறொரு மனு இருந்தது: "எனக்குச் சிகிச்சை வேண்டாம். நேர்முகத் தேர்வில் வாயால் கேட்காமல் எழுதிக் கேட்கும் ஒரு வேலை வேண்டும்." முப்பது வருடமாகத் திமிர் பிடித்தவன் என்று கேட்டுக் கேட்டு, தானும் அப்படித்தான் என்று நம்பியிருந்ததாகவும், சென்ற ஆண்டு மருத்துவர் சொன்ன பிறகே அது பொய் என்று தெரிந்ததாகவும் பின்னர் எனக்கு எழுதினார்.

ஒரு ஊர் ஏற்றுக்கொண்டால்

கேனரின் கட்டுரையில் வரும் முதல் குழந்தை டொனால்ட் டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் விட்டார்கள். ஓராண்டுக்குப் பின் பெற்றோர் மனம் கேளாமல் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிறு ஊர். அங்கேயே வளர்ந்து, கல்லூரி முடித்து, ஊர் வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். குடும்பத்துக்கு வசதி இருந்தது உண்மை. ஆனால் அவரைத் தேடிப்போய் எழுதிய பத்திரிகையாளர்கள் வசதியைவிட ஊரைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். அவர் இப்படித்தான் என்று ஊர் ஏற்றுக்கொண்டது.

சட்டம் தரும் உரிமைகள்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவினருக்குச் சேர்த்து 1 சதவீதம் உண்டு. அரசு மருத்துவக் குழுவின் சான்றும், தேசிய அடையாள அட்டையும் பெற வேண்டும். வயது வந்தவர்களும் விண்ணப்பிக்கலாம். விவரத்துக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகவும்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய குழு இருக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. எல்லோருக்கும் பாதுகாவலர் தேவையில்லை என்பதையும் நினைவில் கொள்க. தம் காரியத்தைத் தாமே பார்ப்பவரின் கையெழுத்து உரிமையை நாம் பறிக்கக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

* கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்து நிக்காஹ் செய்ய வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்கள் மணந்து நன்றாக வாழ்வதுண்டு. ஆனால் இரு வீட்டாருக்கும், முக்கியமாக மணமக்கள் இருவருக்கும், முன்பே தெரிந்திருக்க வேண்டும்.
* விருந்து, கூட்டம் எதுவானாலும் ஓர் அமைதியான அறையை ஒதுக்கி வையுங்கள். வரவில்லை என்றால் கோபிக்க வேண்டாம்.
* வேலை கொடுப்பவர்கள், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுங்கள். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போல் பேசாதீர்கள். பேசாதவருக்கும் காது கேட்கும்.

எங்கள் அலுவலகத்தில் அந்த டியூப் லைட்டை மாற்றிவிட்டோம். செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 11 வரை கூட்டமில்லாத நேரமாக வைத்திருக்கிறோம். மனுவை எழுத்திலேயே அனுப்பலாம், நேரில் வந்து பேச வேண்டிய கட்டாயம் இல்லை. சான்றிதழ், அட்டை விண்ணப்பங்களை நிரப்பவும் உதவுகிறோம்.

அந்தத் தம்பி இப்போது ஒரு மொத்த மளிகைக் கடையில் சரக்கு இருப்புக் கணக்கு எழுதுகிறார். முதல் மாதம் இரண்டு முறை வேலையை விட்டுவிடப் பார்த்தார். கடைக்காரர் அன்றாட வேலையைச் சீட்டில் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பின் நிலைத்துவிட்டார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். "எனக்குப் பிறகு இவனுக்கு யார், பாய்?" என்று அந்தத் தாய் இன்னும் கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலை ஜமாஅத்தாகிய நாம் எல்லோரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் கடை வழியாகப் போனபோது ஸலாம் சொன்னேன். தலை நிமிரவில்லை, பேனாவை மட்டும் லேசாக உயர்த்திக் காட்டினார். பதில் ஸலாம் எனக்குக் கிடைத்துவிட்டது.

வஸ்ஸலாம்.
செயலாளர்