நாண் விட்டுப்போன எச்சம்

நான் மருத்துவன் அல்லன்; கடுகு, பருப்பு வியாபாரி. என் மைத்துனருக்கு வந்த ஒரு நோயைப் புரிந்துகொள்ள வேண்டிப் படித்தவன். படித்ததை இம்மலர் வழியாக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

நோயின் பெயர் கார்டோமா. கிரேக்க மொழியில் 'கோர்டே' என்றால் தந்தி, நாண். 'ஓமா' என்பது கட்டியைக் குறிக்கும் விகுதி. நாண்கட்டி என்று தமிழில் சொல்லலாம்.

எந்த நாண்? கருவின் மூன்றாம் வாரத்தில், முதுகெலும்பு உருவாவதற்கு முன்பே, முதுகுநாண் என்ற மெல்லிய தண்டு தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் முதுகுநாணிகள் என்று படித்தோமே, அதே நாண்தான். பின்னர் எலும்பு சூழ்ந்துகொள்ள, நாண் மறைகிறது. ஆனால் அதன் சிறு எச்சங்கள் மண்டையோட்டின் அடியிலும் முதுகெலும்பிலும் தங்கிவிடுவதுண்டு. அபூர்வமாக, பல்லாண்டு கழித்து, அதுவே புற்றாகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வருகிறது. 1857-இல் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ இதன் உயிரணுக்களில் குமிழிகளைக் கண்டு, குருத்தெலும்பு வளர்ச்சி என்று எண்ணினார். மறு ஆண்டே ம்யூல்லர் முதுகுநாணைச் சுட்டிக்காட்டினார்.

மண்டையடியில் வந்தால் தலைவலி வரும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். முதுகெலும்பின் கீழ்நுனியில் வந்தால் உட்கார முடியாத வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை.

"மாமா, கல்லாவுல உட்கார முடியலை" என்றார் மைத்துனர். நாள் முழுக்க உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும் என்று நானே சொன்னேன். தைலம், மாத்திரை என்று இரண்டு வருஷம் போயிற்று. இடுப்புக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் கட்டி இருந்த கீழ்நுனிக்கு மேலேயே முடிந்துவிட்டது.

பிறகு தெரிந்ததும், வேறோர் ஊரில் அவசரமாகச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வருஷத்தில் மீண்டும் வந்தது. காரணம் பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று. கட்டிக்குள் இருப்பது கூழ். கடுகு மூட்டை கிழிந்தால் ஒவ்வொரு மணியையும் பொறுக்க முடியுமா? மூட்டையைக் கிழிக்காமலே தூக்க வேண்டும். எனவே முதல் அறுவைதான் முக்கியம். முழுதாக எடுக்கப் பழகியவர் கையில் அது நடக்க வேண்டும். சதைப் பரிசோதனைக்கு ஊசி போடும் இடத்தைக்கூட அவரே முடிவு செய்வது நல்லது. மண்டையடியில் முழுதாக எடுப்பது அரிது. மிச்சத்துக்குப் புரோட்டான் கதிர்வீச்சு உதவும். இது சென்னையில் 2019-இலும், நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தில் 2023-இலும் வந்தது.

மைத்துனர் இருக்கிறார். இரண்டாம் அறுவையில் சில நரம்புகள் போயின, சிறுநீருக்குக் குழாய். நின்றபடியே கணக்கு எழுதுகிறார்.

நம்மில் பலர் உட்கார்ந்தே பிழைப்பவர்கள். உட்காரும் இடத்து வலி வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், அதோடு மலம், சிறுநீரில் மாற்றமும் தெரிந்தால், "வால் எலும்பு நுனி வரைக்கும் படம் எடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நான் அன்று அதைச் சொல்லவில்லை.